எந்த ஊர்ப் படியால் அளந்த சிவப்பு?

சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான்தான். சித்தி கட்டியிருந்தது அரக்குச் சிவப்பில் பட்டுச்சேலை, மாம்பழ மஞ்சளில் கரை. லேப்டாப்பில் பார்த்தபோது சேலை நேரில் பார்த்தது போலவே மின்னியது. பொறுக்கியெடுத்த ஒரு படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் மாட்டி, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "டேய், இது என் சேலையே இல்ல. எவளோ காபிப்பொடி கலர் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கறா" என்றார்.

உண்மைதான். அரக்கு பழுப்பாகியிருந்தது. மஞ்சள் வெளுத்திருந்தது. முகங்களில் மேகம் கவிந்த மாதிரி ஒரு இருட்டு. கோபத்தோடு லேபுக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாக அதே கோப்பைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். அங்கேயும் காபிப்பொடிதான். தவறு என்னுடையது, ஒன்றல்ல, இரண்டு. அவை என்னவென்று தேடிப் போனபோதுதான் வண்ண மேலாண்மை என்ற சங்கதி புரிந்தது. பெயர்தான் மிரட்டும். விஷயம் நெல் அளப்பது போன்றதுதான்.

எண் வேறு, நிறம் வேறு

டிஜிட்டல் படத்துக்குள் நிறமே கிடையாது. இருப்பதெல்லாம் எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஜேபெக் கோப்பில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சித்தியின் சேலை மடிப்பில் ஒரு புள்ளி 150, 20, 35 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 சிவப்பு என்றால் எந்தச் சிவப்பில் 150? செங்கல் சிவப்பா, குங்குமச் சிவப்பா?

கிலோ வருவதற்கு முன்னால் நெல்லைப் படியால் அளந்தார்கள். ஊருக்கு ஊர் படி வேறு. ஒரு ஊர்க்காரர் 'ஐம்பது படி' என்று சீட்டு எழுதியனுப்ப, அடுத்த ஊர்க்காரர் தன் வீட்டுப் படியால் ஐம்பது அளந்துகொண்டால் என்ன ஆகும்? சீட்டில் எழுதிய எண் அப்படியேதான் இருக்கிறது, நெல்தான் குறைந்துபோயிற்று. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எந்த ஊர்ப் படி என்று சீட்டில் எழுதாததுதான் குறை.

படத்தில் அந்தப் படிக்குப் பெயர் கலர் ஸ்பேஸ். நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது இரண்டு மூன்றுதான். எல்லாரும் புழங்குவது எஸ்ஆர்ஜிபி. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்து, 1999இல் சர்வதேசத் தரமானது. அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்களால் எவ்வளவு நிறம் காட்ட முடிந்ததோ அதை ஒட்டி அமைத்தார்கள். அதனால் சின்னப் படி. கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் ஏறத்தாழ 35 சதவீதம்தான் அதில் அடங்கும். அடோபி ஆர்ஜிபி அதைவிடப் பெரியது, ஏறத்தாழ 50 சதவீதம். பச்சை, பச்சைநீலம் பக்கம்தான் அது நன்றாக விரிந்திருக்கும்.

இந்த அடோபி ஆர்ஜிபி பிறந்ததே ஒரு பிழையால். 1998இல் போட்டோஷாப் 5க்காக, தொலைக்காட்சித் தரம் ஒன்றின் ஆவணத்திலிருந்து எண்களை எடுத்தார்கள். எடுத்தது வேறு எண்கள். போதாக்குறைக்கு சிவப்பின் எண்ணைப் பெயர்த்தெழுதியதிலும் பிழை. தவறு தெரியவந்தபோது, பயன்படுத்தியவர்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது. எண்ணைத் திருத்தாமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஆல்பம் போடுகிறவர்கள் பாதிப்பேர் 'ப்ரொஃபஷனல்' என்று பயபக்தியோடு சொல்லும் கலர் ஸ்பேஸின் ஜாதகம் இது.

மூன்றாவது, புதிய போன்களில் இருக்கும் டிஸ்ப்ளே பி3. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் ஆப்பிள் போன்கள் படங்களை இந்தப் படியால்தான் அளக்கின்றன. எஸ்ஆர்ஜிபியை விடச் சற்றுப் பெரியது.

என் முதல் தவறு இங்கேதான். பெரிய படி என்றால் நல்ல படி என்று நினைத்துக் கேமராவை அடோபி ஆர்ஜிபியில் வைத்திருந்தேன். திருத்தி முடித்து ஜேபெக்காகச் சேமிக்கும்போது 'ப்ரொஃபைலைச் சேர்க்கவும்' என்ற சின்னக் கட்டத்தில் டிக் போடவில்லை. சீட்டில் படியின் பெயர் இல்லை. லேப் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? பெயரில்லாத சீட்டு வந்தால் எஸ்ஆர்ஜிபி என்றுதான் எடுத்துக்கொள்ளும். பெரிய படியால் அளந்த எண்ணைச் சின்னப் படியால் அளந்தது. அரக்கு வற்றிப் பழுப்பாயிற்று.

உங்கள் கேமராவிலும் இது நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. அடோபி ஆர்ஜிபியில் எடுத்தால் கேனான், நிக்கான் கேமராக்களில் கோப்பின் பெயரே அடிக்கோட்டில் தொடங்கும். வழக்கமாக ஐஎம்ஜி என்றோ டிஎஸ்சி என்றோ தொடங்கும் பெயரின் முதல் எழுத்தே '_' ஆக இருந்தால் மெனுவைத் திறந்து பாருங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே, எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ராவில் இன்னும் எந்தப் படியும் தொடவில்லை; மென்பொருளிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் அளக்கிறோம்.

கிலோ எங்கே?

படிகள் பல இருந்தால் பொதுவாக ஒரு கிலோ வேண்டும். நிறத்துக்கு அந்தக் கிலோவை ஏற்படுத்தியது 1931இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம். சிவப்பு, பச்சை, நீல விளக்குகளைக் கலந்து, எதிரே தெரியும் நிறத்துக்குச் சமமாக்கச் சொல்லி இங்கிலாந்தில் இரண்டு பேர் தனித்தனியே 1920களில் சோதனை நடத்தினார்கள். ரைட் 10 பேரை வைத்து, கில்டு 7 பேரை வைத்து. இன்று உங்கள் போன் திரை முதல் காலண்டர் அச்சடிக்கும் மெஷின் வரை எல்லாம் கடைசியில் போய் நிற்பது அந்த 17 பேரின் கண்களில். அதையே மனிதக் கண் உணரும் வேறுபாட்டுக்கு ஏற்பச் சீராக்கி 1976இல் வந்தது லேப் என்னும் அளவை. நம் பிரிண்ட் போடும் லேப் அல்ல, பெயர்ப்பொருத்தம் அவ்வளவுதான்.

ஒவ்வொரு கருவியின் எண்ணும் இந்தக் கிலோவில் எவ்வளவு என்று சொல்லும் சீட்டுக்குப் பெயர்தான் ஐசிசி ப்ரொஃபைல். 1993இல் ஆப்பிள், அடோபி, கோடாக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி இதற்குப் பொது வடிவம் வகுத்தன. எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் மூன்று கிலோபைட் அளவுதான் இருக்கும். அதைப் படத்தோடு ஒட்டியனுப்பக் கஞ்சப்பட்டதற்கு எனக்கு ஒரு 12க்கு 18 பிரிண்ட் தண்டம்.

வண்ண மேலாண்மை என்பது இவ்வளவுதான்: படத்தின் சீட்டைப் படித்து எண்ணைக் கிலோவாக்கு; பிரிண்டரின் சீட்டைப் படித்துக் கிலோவை அந்தப் பிரிண்டரின் எண்ணாக்கு. திரைக்குக் காட்டும்போதும் அதே கணக்கு. போட்டோஷாப்பில் இதற்கு இரண்டு கட்டளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பலரைக் கவிழ்க்கும். 'கன்வர்ட்' என்றால் நெல்லை உண்மையிலேயே வேறு படியால் அளந்து புது எண் எழுதுவது, நிறம் மாறாது. 'அசைன்' என்றால் எண்ணைத் தொடாமல் சீட்டில் படியின் பெயரை மட்டும் அடித்துத் திருத்துவது, நிறம் மாறிவிடும். லேபுக்கு அனுப்பும் முன் செய்யவேண்டியது எப்போதும் கன்வர்ட்தான். அசைன், பெயரில்லாமல் வந்த கோப்புக்குப் பெயர் வைக்கும்போது மட்டும்.

திரை சொல்லும் பொய்

என் இரண்டாவது தவறு இதைவிட அற்பமானது, இதைவிடப் பரவலானதும்கூட. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் படத்தைத் திருத்தியிருந்தேன். கண் கூசியதால் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கினேன். திரையில் அது இதமாகத் தெரிந்தது. தாளுக்குள்ளே விளக்கு இல்லையே! 'பிரிண்ட் இருட்டா வந்திருக்கு' என்று வரும் புகார்களில் முக்கால்வாசிக்குக் காரணம் ப்ரொஃபைலும் இல்லை, பிரிண்டரும் இல்லை. திரையின் வெளிச்சம்தான் என்பது என் அபிப்பிராயம்.

பிரிண்டுக்காகப் படம் திருத்துபவர்கள் திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள் வைக்கிறார்கள். லேப்டாப்பை முழுதாகத் திருகினால் 250, 300 என்று போகும். அளக்கக் கருவி இல்லையென்றால், ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அறையின் சாதாரண வெளிச்சத்தில் தாளும் திரையின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிறவரை திரையைக் குறையுங்கள். முதல் நாள் சப்பென்று இருக்கும், பழகிவிடும். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட், ஐபோனின் ட்ரூ டோன், ஆண்ட்ராய்டு போன்களின் 'விவிட்' எல்லாவற்றையும் படம் திருத்தும் நேரத்திலாவது அணைத்துவையுங்கள்.

வெளிச்சத்தைக் கண்ணால் சரிசெய்யலாம், நிறத்தை முடியாது. நம் கண் எதற்கும் பழகிக்கொள்ளும் பிராணி. நீலம் பாய்ந்த திரையை ஐந்து நிமிடம் பார்த்தால் அதுவே வெள்ளை என்று மூளை ஒப்புக்கொள்ளும். அதனால் திரையின் நிறத்தைச் சரிப்படுத்தும் காலிபரேஷனுக்கு ஒரு கருவி வேண்டும். ஸ்பைடர், காலிப்ரைட் என்ற பெயர்களில் கிடைக்கின்றன. திரைமீது தொங்கவிட்டால் அது காட்டும் நிறங்களை அளந்து, அந்தத் திரைக்கென்று ஒரு ப்ரொஃபைல் எழுதித் தரும். விலை அதிகம், வேலையோ மாதத்தில் பத்து நிமிடம். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுவதுதான் புத்திசாலித்தனம். அதோடு வரும் மென்பொருள் பிடிக்காதவர்களுக்கு டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

தாளில் இடம் போதவில்லை

சீட்டும் சரி, திரையும் சரி. அப்படியும் சில நிறங்கள் தாளில் வராது. திரை தானே ஒளிவிடுகிறது. தாள் தன்மேல் விழுந்த ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. சாதாரண மானிட்டரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதம். பளபளப்பான போட்டோ தாளில் அது ஏறத்தாழ இருநூறுக்கு ஒன்று. மேட் தாளில் ஐம்பதை ஒட்டி. எனவே மேட் தாளில் கறுப்பு என்பது எப்போதும் கொஞ்சம் கரும்பலகைக் கறுப்புதான். அது குறையில்லை, அந்தத் தாளின் குணம்.

ஒரு கருவியால் காட்ட முடிந்த நிறங்களின் எல்லைக்குக் கேமட் என்று பெயர். திரையின் கேமட்டும் தாளின் கேமட்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் டப்பாக்கள் அல்ல. திரையின் பளீர் நீலமும் கிளிப்பச்சையும் தாளுக்கு எட்டாது. நல்ல இங்க்ஜெட் பிரிண்டரின் சில மஞ்சளும் மயில்நீலச் சாயல்களும் எஸ்ஆர்ஜிபிக்கு எட்டாது. சொந்தமாக இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் பெரிய கலர் ஸ்பேஸைக் கட்டிக்கொண்டு அழுவதில் ஓரளவு நியாயம் இருப்பது இதனால்தான்.

எட்டாத நிறத்தை என்ன செய்வது? பேருந்தில் இருக்கையெல்லாம் நிரம்பிய பிறகு பத்துப் பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழி, உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்று நெருங்கி இடம் கொடுப்பது. எல்லாருடைய இடமும் சற்று மாறும், ஆனால் வரிசை குலையாது. பிரிண்ட் மெனுவில் இதன் பெயர் பெர்செப்சுவல். இன்னொரு வழி, உட்கார்ந்தவர் அசைய வேண்டாம், புதிதாக வந்தவர்கள் படிக்கட்டில் தொங்கட்டும். உள்ளே இருக்கும் நிறங்கள் துல்லியமாக இருக்கும், வெளியே நின்றவை எல்லாம் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அது ரிலேட்டிவ் கலரிமெட்ரிக். முகமும் சேலையுமாக, பெரும்பாலான நிறங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கும் படங்களுக்கு நான் இரண்டாவதை, படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தும் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தேர்ந்தெடுக்கிறேன். மெனுவில் இன்னும் இரண்டு இருக்கின்றன. போட்டோவுக்கு அவை தேவைப்பட்டதே இல்லை.

படிக்கட்டில் தொங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை மணிவிழா மாலை வரவேற்பில் பார்த்தேன். மேடை அலங்காரத்துக்கு நீல எல்இடி விளக்கு. இன்றைக்கு எந்த மண்டபத்தில்தான் இல்லை? அந்த நீலம் எஸ்ஆர்ஜிபிக்கே வெளியே நிற்பது. படத்தில் நீல எண் 255ஐ முட்டி நின்றுவிட, சிவப்பும் பச்சையும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தன. திரையில் அது பளபளத்ததால் பிடித்திருந்தது. பிரிண்டில் மேடைத் திரைச்சீலை முழுவதும் ஒரே கத்தரிப்பூ நிறத்தில், மடிப்பே இல்லாமல், போஸ்டர் ஒட்டியது போல வந்தது. எந்த ப்ரொஃபைலாலும் இதைக் காப்பாற்ற முடியாது. ரா கோப்புக்குத் திரும்பிப் போய், அந்த நீலத்தின் செறிவை மட்டும் கணிசமாகக் குறைத்து, கொஞ்சம் பச்சைநீலம் பக்கம் தள்ளிய பிறகு மடிப்புகள் மீண்டும் தெரிந்தன.

இப்படிப்பட்ட இடங்களைக் காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிடலாம். லேபின் ப்ரொஃபைலை வாங்கிப் போட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப் போட்டால், அந்தத் தாளில் படம் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே நடித்துக் காட்டும். கேமட் வார்னிங்கைப் போட்டால் எட்டாத நிறங்கள்மேல் சாம்பல் பூசிக் காட்டும். டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. முதல்முறை சாஃப்ட் ப்ரூஃப் போட்டதும் படம் உயிரற்றுப் போனதாகத் தோன்றும். ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பாருங்கள், கண் ஒத்துக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான் இருக்க வேண்டும்

லேபில் கொடுப்பதானால் வேலை சுலபம். ஃப்ரன்டியர், நோரிட்சு போன்ற மெஷின்களில் பல மையே தெளிப்பதில்லை. சிவப்பு, பச்சை, நீல லேசரால் ஒளியுணர் தாளில் படத்தை எழுதி, ரசாயனத்தில் கழுவி எடுக்கின்றன. எனவே யாராவது 'பிரிண்டுன்னா சிஎம்ஒய்கேவுக்கு மாத்தணும்' என்று சொன்னால் கேட்காதீர்கள். அது நான்கு மைகளால் அடிக்கும் ஆஃப்செட் அச்சகத்துப் பேச்சு. எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து, ப்ரொஃபைலை ஒட்டி, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஜேபெக்காகக் கொடுங்கள். டிஜிட்டல் பிரஸ்ஸில் அடிக்கும் ஆல்பம் என்றால் மட்டும் எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். இல்லையென்றால் படம் சுருங்கிப் போய்ச் சேரும்.

மெஷினில் உட்காரும் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை: "கரெக்‌ஷன் வேண்டாம்ணே, அப்படியே போடுங்க." அவர் முன்னால் டென்சிட்டி, சயான், மெஜன்டா, மஞ்சள் என்று நாலு பட்டன்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படத்தையும் பார்த்து விரல் தானாகத் தட்டிவிடும். சாதாரண வாடிக்கையாளருக்கு அந்த விரல் வரப்பிரசாதம். நீங்கள் ஏற்கெனவே சரிசெய்த படத்துக்கு அது இரண்டாவது உப்பு.

வீட்டில் இங்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது உப்பு வேறு வடிவில் வரும். போட்டோஷாப்பும் நிறத்தை மாற்றும், பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளும் மாற்றும். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை மொழிபெயர்த்த கதைதான். முகமெல்லாம் ரோஸ் பவுடர் பூசியது போல மெஜன்டா அடித்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். போட்டோஷாப்பில் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்து, டிரைவரில் நிறத் திருத்தத்தை முழுவதும் அணையுங்கள். எப்சனில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்', கேனானில் 'நன்'. ப்ரொஃபைல், பிரிண்டர்-மை-தாள் என்ற மூன்றும் சேர்ந்த கூட்டணிக்கு எழுதப்பட்டது. தாள் தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் இலவசமாகத் தருவார்கள். விலை குறைவென்று வேறு மை ஊற்றினால் கூட்டணி உடைந்தது, அந்த ப்ரொஃபைலைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கடைசியாக, பிரிண்டை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பது. ப்ரொஃபைல்கள் எல்லாம் 5000 கெல்வின் வெளிச்சத்தில் பார்ப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. காலை பத்து மணிக்கு வெயில் நேரே விழாத ஜன்னலோரம் நமக்கு அதற்குப் போதும். மலிவான எல்இடி பல்பின் கீழே சிவப்புகள் செத்துப்போகும். தாளின் வெள்ளையும் ஒன்றல்ல. நிறைய போட்டோ தாள்களில், வேட்டிக்கு நீலம் போடுவது போல, வெளுப்பேற்றும் ரசாயனம் சேர்க்கிறார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிவிடும். வெளியே பளிச்சென்ற தாள் வீட்டுக்குள் வந்ததும் சற்று மஞ்சளாகத் தெரிவது அதனால்தான்.

இரண்டாவது முறை நேரே பெரிதாகப் போடவில்லை. முதலில் 4க்கு 6இல் மூன்று: ஒன்று அப்படியே, ஒன்று கொஞ்சம் வெளிச்சமாக, ஒன்று இன்னும் கொஞ்சம். மூன்றையும் ஜன்னலோரம் பரப்பிவைத்து நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, அதையே 12க்கு 18 போட்டேன்.

சித்தி பீரோவிலிருந்து சேலையை எடுத்து வந்து படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சேலை சரியா வந்துடுச்சு" என்றார். பிறகு, "உங்க சித்தப்பா வேட்டிதான் கொஞ்சம் நீலமாத் தெரியுது."

உள்ளேயிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்: "அது நீ போட்ட நீலம்டீ."